சுரங்க ரயில் ஓட்டும் விளையாட்டுகள்: புதுச்சேரி, கடலூர் ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பது பேர் கூடுகிறோம். ஐந்து பேர் புதுச்சேரிக்காரர்கள். மூன்று பேர் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். ஒருவர் பாரிஸில் இருந்துகொண்டு இணையத்தில் சேர்ந்துகொள்வார். நாங்கள் ஆடுவது சுரங்க ரயில் ஓட்டும் சிமுலேட்டர், அதாவது நிஜ ரயிலை ஓட்டுவது போன்ற கணினி விளையாட்டு மட்டும்தான். ஊரில் சுரங்கமும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது என்பதாலோ என்னவோ, கேள்விப்படுகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எங்களுக்குள் ஒத்துப்போகாத இடங்களில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

இருட்டுக்குள் ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? பார்க்க ஒன்றுமே இல்லையே?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. கேள்வி நியாயமானதும்கூட. மலைப்பாதை ரயில் விளையாட்டென்றால் பள்ளத்தாக்கு, பாலம், பனி என்று கண்ணுக்கு வேலை உண்டு. சுரங்கத்தில் அதெல்லாம் கிடையாது. முகப்பு விளக்கு தொடும் தூரம்வரை தண்டவாளமும் சுவரில் ஓடும் கேபிள்களும் தெரியும், அவ்வளவுதான்.

அங்கே வேலை காதுக்கு. வளைவில் சக்கரம் கீச்சிடும் சத்தம் ஒரு மாதிரி, நேர்ப்பாதையில் வேறு மாதிரி. மோட்டாரின் சுருதி ஏறுவதை வைத்தே வேகம் தெரிந்துவிடும். நிலையம் நெருங்கும்போது முதலில் வருவது வெளிச்சம்கூட இல்லை. குழாய்க்குள் அடைபட்டு ஒலித்த சத்தம் அகலமான இடத்துக்கு வந்ததும் திறந்துகொள்ளும், அதுதான் முதல் அடையாளம். பத்துப் பதினைந்து மணி நேரம் ஆடிய பிறகு ஒருநாள் வேகமானியைப் பார்க்க மறந்தே சரியாக நிறுத்தியிருப்பீர்கள். அன்றைக்குத்தான் ஆட்டம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, சுரங்க ரயிலில் நிலையங்கள் நெருக்கமானவை. பெருநகரங்களின் நடுப்பகுதியில் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நீண்டதூர ரயில் விளையாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு முறையோ மூன்று முறையோதான் நிறுத்துவீர்கள். இங்கே அதே நேரத்தில் இருபத்தைந்து முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் வேகம் வேறு, சரிவு வேறு, பிளாட்ஃபார்மின் வளைவு வேறு. எங்கள் ஒன்பது பேரையும் இழுத்துவைத்திருப்பது இந்த நிறுத்தும் வேலைதான். ‘போர் அடிக்குது’ என்று எழுந்துபோனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று நிலையங்களில் பிளாட்ஃபார்மைத் தாண்டிப் போய், கோபத்தில் விட்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதுதான் காரணம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஓபன்பிவிஇ. காசு வேண்டாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பே போதும். ஜப்பானில் 1990களில் ஒரு தனி ஆள் எழுதிய பிவிஇ என்ற சிமுலேட்டரின் வழியில் வந்தது இது. அந்தப் பெயர் ‘போசோ வியூ எக்ஸ்பிரஸ்’ என்ற ரயிலின் பெயர்ச்சுருக்கம். பாதைகளையும் ரயில்களையும் உலகெங்கும் ஆர்வலர்கள் செய்து இலவசமாகவே தருகிறார்கள். நியூயார்க் சுரங்கப் பாதைகளே நிறையக் கிடைக்கும்.

படம் அழகாக இருக்காது. சுவர்கள் அட்டைப்பெட்டி போலத் தெரியும். ஆனால் ஜப்பானிய ரயில்களின் பிரேக்கை அது காட்டுகிற விதம் காசு கொடுத்து வாங்கும் பல விளையாட்டுகளைவிட ஒழுங்காக இருக்கிறது. இதில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் காசு செலவழிக்கலாம், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

காசு கொடுத்து வாங்குவதென்றால்?

‘டிரெயின் சிம் வேர்ல்ட்’ தொடரில் வரும் லண்டன் பேக்கர்லூ லைன். டவ்டெயில் கேம்ஸ் நிறுவனத்தார் 2020இல் இரண்டாம் பதிப்போடு வெளியிட்டார்கள், பிறகு வந்த பதிப்புகளிலும் ஓடுகிறது. எலிஃபண்ட் அண்ட் காசிலில் தொடங்கி ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் வரை 25 நிலையங்கள், சுமார் 23 கிலோமீட்டர். ஓட்டுவது 1972 ஸ்டாக் என்ற ஏழு பெட்டி ரயில். நிஜ லண்டனில் ஐம்பது வருஷம் தாண்டியும் அது ஓடுகிறது.

எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும், அதனால் நல்லதை முதலில் சொல்கிறேன். சத்தம். இந்த ரயிலின் மோட்டார், கம்ப்ரஸர், கதவு மூடும் ஓசை, வளைவில் சக்கரம் போடும் கூச்சல் எல்லாம் ஹெட்போனில் கேட்கும்போது கேபில், அதாவது ஓட்டுநர் அறையில், உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். குழாய்ச் சுரங்கம் மூன்றரை மீட்டர் விட்டம்தான், ரயிலின் கூரை அதற்குள் அடைத்துக்கொண்டு போகும். அந்த நெருக்கம் திரையிலும் தெரிகிறது. எம்பாங்க்மென்டுக்கும் வாட்டர்லூவுக்கும் நடுவில் தேம்ஸ் நதிக்கு அடியில் போகிறீர்கள். வாட்டர்லூ பிளாட்ஃபார்ம் வளைந்திருப்பதால் கடைசிப் பெட்டி கண்ணாடியில் தெரியாது. வடக்கே குயின்ஸ் பார்க்கில் சட்டென்று வானம். அவ்வளவு நேரம் இருட்டில் ஓட்டியவனுக்கு அந்த வெளிச்சம் முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருக்கும். அதற்கு அப்புறம் மெயின்லைன் எனும் சாதாரண ரயில்களோடு தண்டவாளத்தைப் பங்குபோட வேண்டும், சிக்னலைப் பார்க்கும் கவனமே மாறிவிடும்.

இப்போது குறை. பயணிகள் பொம்மைகள். ஏறுகிறார்கள், நிற்கிறார்கள், சில நேரம் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து நிற்கிறார்கள். நெரிசல் நேரத்துக் கூட்டம் லண்டன் கூட்டமாகத் தெரியவில்லை. ஒரே பாதை, ஒரே ரயில் என்பதால் நாற்பது ஐம்பது மணி நேரத்தில் சலிக்கும் என்று கடலூர்க்காரர்கள் மூவரும் சொல்கிறார்கள். எனக்கு இருநூறு மணி நேரம் தாண்டியும் சலிக்கவில்லை. இதில் யார் சரி என்று தீர்க்க முடியாது. வேறு வேறு இடங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சலிக்கும், ஒரே இடத்தை இன்னும் நன்றாக ஓட்ட விரும்புகிறவர்களுக்குச் சலிக்காது.

ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாகக் காசு வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்குமே உள்ள வருத்தம். முழு விலைக்கு வாங்காதீர்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வருடத்துக்குப் பலமுறை சேல் வரும், அதுவரை பொறுங்கள்.

‘வேர்ல்ட் ஆஃப் சப்வேஸ்’ இன்றைக்கும் வாங்கலாமா?

ஜெர்மனியின் டிஎம்எல் ஸ்டூடியோஸ் செய்து ஏரோசாஃப்ட் வெளியிட்ட தொடர் இது. நான்கு பாகங்கள்: நியூயார்க்கின் பாத் ரயில், பெர்லின் யு7, லண்டன் சர்க்கிள் லைன், நியூயார்க் 7ஆம் லைன். சுரங்க ரயிலுக்கென்றே தனியாக ஒரு தொடர் செய்யத் துணிந்தவர்கள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் இவர்கள் மேல் மரியாதை உண்டு. எங்களில் மூத்தவர்கள் இருவர் இதில்தான் தொழில் பழகினார்கள்.

யு7 பாதை 40 நிலையங்கள், கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர், முழுவதும் நிலத்துக்கு அடியில். ராட்ஹவுஸ் ஸ்பாண்டாவில் ஏறி ரூடோவ் வரை நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு மணி நேரம் வானமே பார்க்க மாட்டீர்கள். நியூயார்க் 7 அதற்கு நேர்மாறு. குவீன்ஸ் பகுதியில் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும், பிறகு ஆற்றுக்கு அடியில் இறங்கி மன்ஹாட்டனுக்குள் போகும். நிஜத்தில் பதினொரு பெட்டி ரயில் ஓடுகிற ஒரே நியூயார்க் பாதை அதுதான்.

ஆனால் புதிய கணினியில் இந்த விளையாட்டுகள் திணறுகின்றன. விளையாட்டை இயக்கும் மென்பொருள் பழையது, படம் விட்டுவிட்டு நகரும், சில நேரம் நடுவழியில் மூடிக்கொள்ளும். கேபை விட்டு எழுந்து நிலையத்துக்குள் நடந்து போகலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம், இன்று நடந்தால் கால் தரையில் படாதது போல இருக்கிறது. வரலாறு தெரிய வேண்டுமென்றால் சேலில் ஒன்று வாங்குங்கள், அதுவும் பெர்லின். புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஏரோசாஃப்ட் பிற்பாடு வெளியிட்ட ‘சப்வேசிம் ஹாம்பர்க்’ பக்கம் போகலாம்.

மாஸ்கோ மெட்ரோ விளையாட்டுகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் ஏன் இவ்வளவு உருகுகிறார்கள்?

நிலையங்களின் அழகு ஒரு காரணம். 1935இல் திறந்த மெட்ரோ, பளிங்குத் தூணும் சரவிளக்குமாக இருக்கும். ஓட்டுகிறவனுக்குப் பிடித்தது வேறொன்று. பிளாட்ஃபார்ம் முனையில் ஒரு டிஜிட்டல் கடிகாரம் தொங்கும். முந்தைய ரயில் கிளம்பி எத்தனை நிமிடம், எத்தனை நொடி ஆனது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். முன்னே போனவனுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி எப்போதும் கண்முன்னால். அது உள்ளங்கையை வியர்க்க வைக்கும்.

‘கேரிஸ் மாட்’ விளையாட்டுக்கு ‘மெட்ரோஸ்ட்ரோய்’ என்று ஒரு இணைப்பு உண்டு. அதில் பலர் ஒரே பாதையில் சேர்ந்து ஓட்டலாம், ஒருவர் கட்டுப்பாட்டு அறை பார்ப்பார். ரயிலைத் தயார் செய்வதற்கே சுவிட்சுகளை வரிசையாகப் போடப் படிக்க வேண்டும். எங்கள் குழுவில் இருவர் மட்டுமே அதை முழுதாகக் கற்றவர்கள். மற்றவர்களுக்குப் பொறுமை இல்லை, எனக்கும்தான்.

மாஸ்கோவில் நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண் குரல் அறிவிக்கும், வெளியே போகும் ரயிலில் பெண் குரல். கண் தெரியாதவர்களுக்கும் திசை புரிந்துவிடும். விளையாட்டின் வழியாக இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் சித்தப்பா பாரிஸில் இருக்கிறார். அங்கே மெட்ரோவில் ஓட்டுநரே இல்லை என்கிறார். அப்புறம் ஓட்டும் விளையாட்டு எதற்கு?

புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு பிரான்சு உறவு இருப்பதால் இது தவறாமல் வரும். சித்தப்பா சொல்வது பாதி உண்மை. பாரிஸில் 1, 4, 14 ஆகிய லைன்களில் ஓட்டுநர் கிடையாது. 14ஆம் லைன் 1998இல் திறந்தபோதே அப்படி. 1ஆம் லைன் 1900இல் திறந்த பழம் பாதை, 2012க்குள் தானியங்கியாக மாற்றிவிட்டார்கள். மற்றவற்றில் ஆள்தான் ஓட்டுகிறார். நம் ஆட்கள் மளிகைக்கும் சாமான்களுக்கும் போகிற லா ஷப்பெல் நிலையம் 2ஆம் லைனில் இருக்கிறது, அதில் கேபில் ஆள் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு விஷயம் கவனியுங்கள்: பிரான்சில் பெரிய ரயில்கள் பெரும்பாலும் இடப்பக்கமாக ஓடும், பாரிஸ் மெட்ரோவோ வலப்பக்கம்.

தானியங்கி ரயில்கள் வந்துவிட்டதால்தான் இந்த விளையாட்டுகள் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். கையால் நிறுத்தும் அந்தத் திறமை உலகின் பெரிய மெட்ரோக்களில் மெல்ல மறைகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் ஓட்டுநர் இல்லா ரயில்களே வருகின்றன. இன்னும் இருபது வருஷம் கழித்து 1972 ஸ்டாக்கைக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது? சத்தத்தைப் பதிந்து, பிரேக்கை அளந்து, பிளாட்ஃபார்மின் வளைவுவரை குறித்துவைத்தவர்கள் இந்த விளையாட்டுக்காரர்கள்தான்.

நிஜமாகவே ரயில் ஓட்டியவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் இருக்கிறார், எங்கள் கடலூர் நண்பருக்கு மாமா முறை. மீட்டர்கேஜ் காலத்தில் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிவந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மவுஸைத் தொடவில்லை. கைகள் இரண்டையும் மேசை விளிம்பில் வைத்தபடி, எங்களில் ஒரு தம்பி ஓட்டுவதையே மூன்று நிலையம் வரை பார்த்தார். பிறகு, “நீ முள்ளப் பாத்துப் பாத்து ஓட்டுற. வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு” என்றார்.

அடுத்து அவரே ஓட்டினார். முதல் நிலையத்தில் ஆறு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. முகம் மாறவில்லை. இரண்டாவதில் தாண்டிவிட்டது. மூன்றாவதில், ரயில் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் ஸ்டாப் போர்டுக்கு நேராக, கொஞ்சம்கூடக் குலுக்காமல் நிறுத்தினார். யாரும் பேசவில்லை. அவர்தான் பேசினார்: “பிரேக்கு கையில தெரியக்கூடாது மாப்பிள்ளை. உக்கார்ற எடத்துல தெரியணும். இதுல அது இல்ல. மத்ததெல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கான்.”

இதைவிடச் சரியான விமர்சனம் நான் எங்கேயும் படித்ததில்லை. முதுகில் தெரிய வேண்டிய வேகக் குறைவை விளையாட்டு தர முடியாது, அந்த இடத்தைச் சத்தம்தான் நிரப்ப வேண்டும். சத்தம் மோசமான விளையாட்டுக்கு நாங்கள் குறைந்த மதிப்பெண் போடுவது இதனால்தான்.

ஸ்டாப் போர்டில் சரியாக நிறுத்துவது எப்படி? எனக்கு எப்போதும் தாண்டிவிடுகிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ரயில் நொடிக்கு நொடி விநாடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம், சுரங்க ரயிலின் சாதாரண பிரேக் ஏறக்குறைய அப்படித்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்தால் நிற்க 96 மீட்டர் வேண்டும். 60இல் வந்தால் 139 மீட்டர். வெறும் பத்து கிலோமீட்டர் அதிகம், தூரம் 43 மீட்டர் கூடுகிறது. பேக்கர்லூ ரயிலில் அது இரண்டரைப் பெட்டிக்கு மேல். 50இல் வரும்போது ஒரு நொடி தாமதமாகப் பிரேக் போட்டால் கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிருக்கும்.

ஆகவே, பிளாட்ஃபார்முக்குள் நுழையும்போது என்ன வேகம் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் 40இல் நுழையுங்கள். நேரம் சில நொடி போகும், போகட்டும். பத்து நிலையம் சரியாக நிறுத்திய பிறகு 45, பிறகு 50.

பிரேக்கை ஆரம்பத்தில் அழுத்தமாகப் போடுங்கள், முடிவில் தளர்த்துங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: தொட்டுத் தொட்டுப் போட்டு, போர்டு நெருங்கும்போது பயந்து முழுதாக இழுக்கிறார்கள். ரயில் நிற்கும், நின்ற வேகத்தில் நிற்கிற பயணிகள் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். நிறைகுடத்தை இடுப்பிலிருந்து தரையில் இறக்குகிறவர்களைப் பாருங்கள். தரை நெருங்க நெருங்கக் கை மெதுவாகும். கடைசிப் பத்து மீட்டர் அப்படி இருக்க வேண்டும்.

காற்று பிரேக் உள்ள பழைய ரயில்களில், நீங்கள் கைப்பிடியை நகர்த்தியதும் பிரேக் பிடிக்காது. சிலிண்டரில் காற்று நிரம்ப ஓரிரு நொடி ஆகும், விடும்போதும் அதே தாமதம். வேகம் 5க்கு வந்தபிறகு தளர்த்த நினைத்தால் தாமதமாகிவிட்டது, 10 வரும்போதே கை தளர வேண்டும். இதை எழுதிப் படிக்க முடியாது. ஒரே நிலையத்தில் முப்பது முறை நிறுத்திப் பாருங்கள், கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, சரிவு. பல பழைய நிலையங்களைச் சற்று மேடாகக் கட்டியிருப்பார்கள். நுழையும்போது ஏற்றம், தானே வேகம் குறையும். வெளியேறும்போது இறக்கம், தானே வேகம் எடுக்கும். பழைய பொறியாளர்களின் இந்த யோசனையைப் பிரேக் போடும் கையில் உணர முடிகிறது.

கைப்பிடியை விட்டதும் ரயில் தானாக நின்றுவிடுகிறது. விளையாட்டில் கோளாறா?

இல்லை. அது டெட்மேன். ஓட்டுநர் மயங்கி விழுந்தால் ரயில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். சிவப்பு சிக்னலைத் தாண்டினாலும் நிற்கும். லண்டனிலும் நியூயார்க்கிலும் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு இரும்புக் கை எழுந்து நின்று, ரயிலின் அடியில் உள்ள பிரேக் நெம்புகோலைத் தட்டிவிடும். ‘திடீர்னு நின்னுடுச்சு’ என்று ஒற்றை நட்சத்திரம் போட்ட விமர்சனங்களில் பல இந்த இரண்டையும் தெரியாமல் எழுதியவை.

விமர்சனங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதை நம்புவது?

எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதை ஸ்டீம் பக்கத்திலேயே காட்டுகிறார்கள், அதை முதலில் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆடியவர் ‘படம் சூப்பர்’ என்பதும் ‘போர்’ என்பதும் எனக்கு ஒன்றுதான். பிரேக்கைப் பற்றி, சத்தத்தைப் பற்றி, கால அட்டவணையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருந்தால் அவர் ஓட்டிப் பார்த்தவர். நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு ‘வாங்காதீர்கள்’ என்று எழுதியவர்களை மிகக் கவனமாகப் படிப்பேன். விரும்பிய ஒன்று கைவிட்டதால் எழுதுகிறார்கள், அதில் பெரும்பாலும் உண்மை இருக்கும்.

பிடிக்காவிட்டால் காசு திரும்புமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பும். பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்காதீர்கள். ஆரம்பத்தில் நான் ஒரு கடையில் அப்படி வாங்கி, கணினியில் இருந்த குடும்பப் புகைப்படங்கள் உட்பட எல்லாவற்றையும் வைரஸுக்கு இழந்தேன். அதில் பாட்டியின் கடைசிப் பொங்கல் படமும் போயிற்று.

லேப்டாப் போதுமா?

ஓபன்பிவிஇக்குப் போதும். டிரெயின் சிம் வேர்ல்டுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி இருந்தால் காத்திருப்பு குறையும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் மானிட்டரைவிட நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

தனியாக லீவர் வாங்க வேண்டுமா?

ரெயில்டிரைவர் என்ற கருவி வெளிநாட்டில் கிடைக்கிறது, விலை நமக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் வில்லியனூர் தம்பி ஐடிஐ எலக்ட்ரீஷியன். ஒரு பிவிசி குழாய்த் துண்டு, மரப்பலகை, ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்க வைக்கும் பொட்டன்ஷியோமீட்டர், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, இவற்றை வைத்துப் பிரேக் கைப்பிடி செய்தான். ஒவ்வொரு நாட்சுக்கும், அதாவது பிரேக்கின் ஒவ்வொரு படிக்கும், கை ‘டக்’கென்று உட்கார வேண்டும் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து வந்து, அதன் உள்ளே இருந்த பல்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் பிரித்துப் பொருத்தினான். இப்போது கண்ணை மூடிக்கொண்டே எத்தனையாவது நாட்ச் என்று சொல்லலாம். கீபோர்டில் ஓட்டியவன் இதில் ஓட்டினால் முதல் நாளே இரண்டு மீட்டருக்குள் நிறுத்துகிறான்.

சென்னை மெட்ரோவை ஓட்டும் விளையாட்டு?

போனில் மெட்ரோ என்ற பெயரில் கிடைக்கும் இலவச விளையாட்டுகள் பல எங்களுக்கு ஏமாற்றம். பிரேக் பொத்தானைத் தொட்டால் ரயில் கார் மாதிரி நிற்கிறது, நடுவில் விளம்பரம் வருகிறது. சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இன்டராக்டிவ் செய்த ‘இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்’ நம் ரயில்வேயைப் போனில் ஓட்டிப் பார்க்க நல்லது, பையன்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது மெயின்லைன்.

நிஜ சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மேம்பாலத்தில் தொடங்கியது, சுரங்கப் பாதை 2017 மே மாதம் வந்தது. சுரங்க நிலையங்களில் கண்ணாடிக் கதவுகள் இருப்பதால் ரயில் கதவு அதற்கு நேராக நிற்க வேண்டும். புதுச்சேரி பஸ்ஸில் போய்க் கோயம்பேட்டில் இறங்கும்போதெல்லாம் நாங்கள் முதல் பெட்டியில்தான் ஏறுவோம். கேப் மூடியிருக்கும். கோயம்பேடு தாண்டித் திருமங்கலத்துக்காகச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், மேலே சொன்ன சத்தம் எல்லாம் அங்கே இருக்கிறது.

தலை சுற்றுகிறது.

கேமரா அசைவு என்று அமைப்பில் இருப்பதை அணைத்துவிடுங்கள். அறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்.

நீங்களே ஒரு பாதை செய்கிறீர்களாமே?

ஆமாம். ஓபன்பிவிஇயில் பாதை என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. எத்தனையாவது மீட்டரில் வளைவு, எங்கே சரிவு, எங்கே நிலையம் என்று வரிசையாக எழுதினால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நேர் ரயில் பாதை இல்லை. ரயிலில்தான் போவேன் என்றால் விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். அந்த இருபது சொச்சம் கிலோமீட்டரை நாங்கள் சுரங்கமாகப் போடுகிறோம்: புதுச்சேரி ரயில் நிலையம், முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்.

தவளக்குப்பம் வரை ஓட்டலாம். அரியாங்குப்பம் பக்கம் ஆற்றுக்கு அடியில் போக வேண்டியிருந்ததால் பேக்கர்லூவில் தேம்ஸைக் கடக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எவ்வளவு இறங்கி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து எழுதினோம். ரெட்டிச்சாவடிக்கு அப்புறம் தென்பெண்ணை இருக்கிறது, அது இதைவிட அகலம், இன்னும் தொடவில்லை. அறிவிப்புகளைக் கடலூர் நண்பரின் அக்கா பேசித் தந்திருக்கிறார். ‘அடுத்த நிலையம் அரியாங்குப்பம், கதவுகள் வலப்பக்கம் திறக்கும்’ என்று அவர் குரல் வந்தபோது மாடி அறையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஸ்டாப் போர்டை எங்கே நடுவது என்பதில் மட்டும் தகராறு. லோகோ பைலட் மாமா அடுத்த சனிக்கிழமை வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை முதலியார்பேட்டையில் பிளாட்ஃபார்ம் முடிவுக்கு ஐந்து மீட்டர் முன்னால் வைத்திருக்கிறோம்.